பத்துக் குழி மண்

அலுவலகத்தில் அவருக்குச் சராசரியார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை. வீட்டிலும் அவர் அப்படித்தான். மனைவி இருந்த காலத்தில் மின்விசிறியை ஐந்தில் வைக்கச் சொல்லுவாள், மகள் ஒன்றில் வைக்கச் சொல்லுவாள். அவர் மூன்றில் வைத்துவிட்டு இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொள்வார். "பொதுவாப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்பது அவர் வாயில் ஊறிப்போன வாக்கியம்.

தொழில், மண் எடுப்பது. ஆரம்பத்தில் விவசாயப் பிரிவில் இருந்தார். ஒரு வயலில் பத்து இடத்தில் குழி தோண்டி, குழிக்கு ஒரு கைப்பிடி எடுத்து, எல்லாவற்றையும் நீல பிளாஸ்டிக் பேசினில் கொட்டிக் கலக்க வேண்டும். கலந்ததைக் குவித்து, குவியலை நான்காக வகுந்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடியும் கலக்க வேண்டும். இப்படியே குறைத்துக்கொண்டு வந்தால் கடைசியில் ஒரு பை மண் மிஞ்சும். அந்த ஒரு பை முழு வயலுக்காகவும் பேசும். எவ்வளவு உரம் போடுவது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

பிறகு அவரை மாசுப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாற்காலி மாறியது, மேசை மாறியது, பேசின் மட்டும் மாறவில்லை. வயலில் சத்து என்றால் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று பரவிக் கிடக்கும். ஈயம் அப்படியா? கொட்டின இடத்தில் கொட்டினபடியே உட்கார்ந்திருக்கும். மக்காது, மழைக்குக் கரைந்து ஓடாது, எத்தனை வருடம் கழித்துப் போனாலும் வாங்க வாங்க என்று வரவேற்கும். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாது என்று சொன்னால் அவர் படித்த படிப்புக்கு அவமானம். ஆகவே தெரியும் என்றே சொல்லிவிடுவோம்.

நகரத்தின் ஓரத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் காய்ச்சும் பட்டறை ஒன்று இருந்தது. அது மூடப்பட்டு, இடம் கைமாறி, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப் போகிறோம், மண் நல்ல மண் என்று சான்று வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். சராசரியார் பேசினோடு போனார். இடம் பெரியது. ஒரு மூலையில் மட்டும் மண் சாம்பல் நிறத்தில் இருந்தது. பேட்டரிகளை உடைத்த இடம் அதுதான். அங்கே களைகூட முளைத்திருக்கவில்லை. வேறு ஒருவராக இருந்தால் அந்த மூலைப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். இவர் நேர்மையானவர். அங்கே ஒரு குழி தோண்டி ஒரு கைப்பிடி எடுத்தார். மற்ற ஒன்பது கைப்பிடியை, பட்டறையின் நிழல்கூட விழாத இடங்களில் எடுத்தார். கலந்தார், குவித்தார், வகுந்தார். முடிவு மயிரிழையில் வரம்புக்குள் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

லஞ்சம் வாங்கினாரா என்று கேட்கலாம். சத்தியமாக இல்லை. வாங்கியிருந்தால்கூடத் தேவலை, ஆசைப்பட்டுவிட்டான் மனுஷன் என்று மன்னித்துவிடலாம். இவர் இதை இலவசமாகச் செய்தார். முறைப்படியும் செய்தார்.

கட்டடங்கள் எழும்பின. அந்த மூலையில் கட்டடம் எழுப்ப அளவு ஒத்துவராததால் அதைப் பெரிய மனது பண்ணிக் குழந்தைகளுக்கு ஒதுக்கினார்கள். இரண்டு விரல் கனத்துக்கு நல்ல மண் பரப்பி, புல் பதித்து, ஒரு சறுக்குமரம் நட்டார்கள், கொஞ்சம் தள்ளி ஓர் ஊஞ்சலும் கட்டினார்கள். சறுக்குமரத்தின் கீழே புல் மட்டும் பிடிக்கவே இல்லை. பிள்ளைகள் குதித்துக் குதித்து மிதித்துவிடுகிறார்கள் என்று பிள்ளைகள் மேல் பழி போட்டார்கள். மேலே பரப்பிய மண்ணையும் பிள்ளைகளின் கால்களே கிளறி எடுத்துவிட்டன.

மகள் அங்கே வீடு வாங்கலாமா என்று கேட்டபோது சராசரியார், "நானே பார்த்த மண்ணும்மா. பொதுவாப் பார்த்தா நல்ல இடம்" என்றார். அந்த மூலை அவருக்கு ஞாபகம் வராமல் இல்லை. புது மண் போட்டிருப்பார்கள், எல்லாம் மூடிப்போயிருக்கும் என்று ஒரு சமாதானம் சொல்லி ஞாபகத்தை உட்கார வைத்துவிட்டார். மகள் வீடு வாங்கினாள். மருமகனுக்குக் கடலில் கப்பல் வேலை. வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். ஓய்வு பெற்றதும் சராசரியாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளோடு வந்து சேர்ந்தார்.

மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள். பெண்ணுக்கு வாலு என்று பெயர், பையனுக்கு ஒட்டு என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. வாலு கண் விழித்ததும் சறுக்குமரம் என்பாள். ஒட்டு அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கினால் உலகமே இடிந்துவிடும் என்று நம்புகிறவன். தினமும் மாலையில் வாலுவைக் கையைப் பிடித்துச் சறுக்குமரத்துக்கு அழைத்துப் போகிறவர் தாத்தாதான். அவள் சறுக்கி வந்து மண்ணில் பொத்தென்று விழுவாள், மண்ணைப் பிசைவாள், பிசைந்த கையோடு பிஸ்கட் தின்பாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் இந்த இடத்துக்குச் சான்று கொடுத்ததே நான்தான் என்று பெருமை அடித்துக்கொள்வார்.

முதலில் வாலு சாப்பாட்டைத் தள்ளினாள். பிறகு வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளைத் தேட ஆரம்பித்தாள். யானை என்று மழலையில் சொன்னவள், படத்தைக் காட்டினால் விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். குழந்தை மருத்துவர் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். இடத்தைச் சொன்னதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்குமே ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுவோம் என்றார்.

முடிவு வாங்கப் போன அன்று மருத்துவர் அறையில் மூன்று நாற்காலி. ஒட்டு அம்மாவின் இடுப்பில். வாலு தாத்தாவின் மடியில் துவண்டு கிடந்தாள். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. பையனுக்கு மிகக் கொஞ்சம்தான், பெண்ணுக்கு நிறைய இருக்கிறது என்று இரண்டு எண்களைச் சொன்னார்.

சராசரியாரின் உதடுகள் அசைந்தன. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மனசு தானாகவே இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டது. விடை அவ்வளவு மோசமாக இல்லை. ஒரு நொடி அவருக்கு மூச்சு சுலபமாக வந்தது. "அப்போ பொதுவாப் பார்த்தா..." என்று சொல்லியேவிட்டார்.

மகள் திரும்பினாள்.

"என்னப்பா பண்றீங்க? கூட்டி வகுக்கிறீங்களா?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"அந்த நடுவுல வர்ற கணக்கு யாருப்பா? எனக்கு மூணாவதா ஒரு பிள்ளை இருக்கா? இருந்தா காட்டுங்க, அதையும் தூக்கிக்கிறேன்."

மருத்துவர் தன் பேனா மூடியைத் திறந்து மூடினார். இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, மூளைக்குப் போனது போனதுதான், இனிமேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதே முதல் வைத்தியம் என்றார். மருந்து எழுதினார். அந்த மண்ணில் குழந்தையை விடவே கூடாது என்றார்.

வெளியே வந்ததும் மகள் வண்டி நிறுத்துமிடத்திலேயே நின்றாள்.

"எத்தனை இடத்துல மண்ணு எடுத்தீங்க?"

"பத்து."

"அதுல வாலு விளையாடுற இடம் எத்தனை?"

"ஒண்ணு."

"அந்த ஒண்ணு மோசம்னு அப்பவே தெரியுமா?"

வாலு அவர் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அவர் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். மகள் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குழந்தையை அவர் தோளிலிருந்து வாங்கித் தன் இன்னொரு இடுப்பில் போட்டுக்கொண்டாள்.

"நான் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு என் சிநேகிதி வீட்டுக்குப் போறேன். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? அந்த மூலையைத் தோண்டி அப்புறப்படுத்த வைங்க. அதுக்கப்புறம் வந்து இவளைத் தூக்குங்க."

மறுநாள் காலையிலேயே சராசரியார் வாட்ச்மேனிடம் மண்வெட்டி இரவல் வாங்கிக்கொண்டு சறுக்குமரத்தடிக்குப் போனார். சுற்றிலும் கயிறு கட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே இடத்தில், அந்த ஒரே ஒரு இடத்தில், மண் எடுத்தார். மேலே இருந்த தூசியைத் தள்ளினதுமே அதே பழைய சாம்பல் நிறம். அவருடைய ஓய்வுக் காலம், அதன் பெருமை, பெஞ்சுப் பேச்சு எல்லாம் அந்த நிறத்தில்தான் இருந்தது. பையைக் கட்டி, பழைய அலுவலகத்துக்கே எடுத்துப் போனார்.

அவருடைய நாற்காலியில் இப்போது அவரிடம் வேலை கற்றுக்கொண்டவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று மரியாதை பண்ணினான், டீ வரவழைத்தான், பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "இது கலக்கக் கூடாதுப்பா. தனியாப் பாரு. குழந்தை விஷயம்" என்று சராசரியார் இரண்டு தடவை சொன்னார். "உங்களுக்கு இல்லாததா சார்" என்றான் அவன்.

முடிவு வந்த அன்று அவனே கூப்பிட்டான். குரலில் ஏக சந்தோஷம்.

"சார், கவலையே படாதீங்க. வரம்புக்குள்ள இருக்கு! நீங்க அன்னிக்கு எடுத்ததைவிட இன்னும் கம்மி!"

"எப்படிய்யா கம்மியா இருக்கும்? அந்த மூலையில இருந்துதானே எடுத்துக் கொடுத்தேன்?"

"ஒரே இடத்து மண்ணை ஏத்துக்கக் கூடாதுன்னு விதி இருக்கே சார். அதனால நம்ம ஆளை அனுப்பி வேற ஒன்பது இடத்துல எடுத்துட்டு வரச் சொல்லி, உங்களோடதையும் சேர்த்துக் கலந்துட்டோம்."

"எவன்யா அந்த விதியைப் போட்டது?"

"நீங்கதான் சார். எங்களுக்கெல்லாம் அடிச்சு அடிச்சு சொல்லிக் கொடுத்தீங்களே."

தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர் பத்து இடத்திலிருந்து அள்ளி, நன்றாகக் கலந்து போட்டுக்கொண்டார்.

அறிக்கை எப்படியோ அவருக்கு முன்னால் குடியிருப்போர் சங்கத் தலைவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்ல செய்திக்குக் கால் முளைக்கும். தலைவர் உடனே கூட்டம் போட்டார். பொது அறையில் வாட்ச்மேன் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு வெளியே போய் நின்றார். குளிர்சாதனத்தைப் பற்றி ஒரு தகராறு நடந்து முடிந்ததும் தலைவர் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

சராசரியார் எழுந்தார். இந்த இடத்துக்கு முதலில் சான்று கொடுத்தவன் நான்தான் என்றார். அந்த மூலை மட்டும் விஷம், மற்ற ஒன்பது இடத்து நல்ல மண்ணைக் கலந்து அதை மறைத்தேன், இந்தப் புது அறிக்கையும் அதே வித்தைதான், மூலையைத் தோண்டி மண்ணை அள்ளியே ஆக வேண்டும் என்றார். பேத்தியின் ரத்தப் பரிசோதனையைச் சொன்னார்.

பாவம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்தப் பாவம் குழந்தைக்கா, கிழவருக்கா, வீட்டு மதிப்புக்கா என்று தெரியவில்லை.

தலைவர் மிகவும் இதமாகப் பேசினார்.

"சார், உங்க மனவருத்தம் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. உங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணுக்கு நல்லாத்தானே இருக்கு? மண்ணு கெட்டிருந்தா ரெண்டுக்கும் வந்திருக்கணுமே?"

அறை முழுக்கத் தலைகள் ஆடின. எவ்வளவு அழகான வாதம்! சராசரியாரே சொல்லியிருக்க வேண்டியது. ஒருத்தன் மண்ணில் இறங்கவே மாட்டான், அவன் அம்மா இடுப்பிலேயே இருப்பான் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

"தோண்ட ஆரம்பிச்சா ஊரே வேடிக்கை பார்க்கும். அப்புறம் நம்ம வீட்டை எவன் வாங்குவான்?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அதிகாரப்பூர்வமா நல்ல மண்ணுன்னு வந்திருக்கு. நாம ஏன் தேவையில்லாம வாயைக் கொடுக்கணும்?" என்றார் இன்னொருவர்.

கை தூக்கச் சொன்னார்கள். மண்ணில் ஈயம் இல்லை என்று பெரும்பான்மையாகத் தீர்மானம் நிறைவேறியது. விஞ்ஞானம் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? கயிற்றை அவிழ்க்கச் சொல்லி வாட்ச்மேனுக்கு உத்தரவு போயிற்று.

சராசரியார் லிஃப்டில் ஏறினார். கதவு மூடும் நேரத்தில் தலைவரும் உள்ளே நுழைந்தார். கதவு முழுக்க மூடும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வார விடுமுறைக்கு என் பேரன் வர்றான். துறுதுறுன்னு இருப்பான்." குரலைத் தாழ்த்தினார். "எந்த மூலைன்னு சரியாச் சொன்னீங்க? சறுக்குமரத்தடி மட்டுந்தானா, இல்ல ஊஞ்சல் வரைக்கும் போகுமா?"

சராசரியார் அவர் முகத்தைப் பார்த்தார். சற்று முன்னால் கை தூக்கிய அதே மனிதர்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஆனால் துறுதுறு என்று இருக்கும் பேரன் என்ன பாவம் செய்தான்? "சறுக்குமரத்துலேர்ந்து அந்தப் பக்கச் சுவர் வரைக்கும். ஊஞ்சல் பக்கம் பரவாயில்ல" என்றார்.

அதற்குப் பிறகு அழைப்பு மணி ஓயவில்லை. வீட்டு மதிப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் வந்தார். வாயைக் கொடுக்க வேண்டாம் என்றவர் மனைவியை அனுப்பினார். பழைய அலுவலகத்துக்காரன்கூட, சார், நானும் உங்க எதிர்ப்பக்கக் கட்டடத்துல ஒண்ணு வாங்கியிருக்கேன், எந்தப் பக்கம்னு சொன்னா நல்லாருக்கும் என்று சொந்த போனிலிருந்து கூப்பிட்டான். வாசலில் நின்று குசுகுசுவென்று கேட்டவர்கள் எல்லாருக்கும் அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். சறுக்குமரம், அந்தச் சுவர், அவ்வளவுதான். தீர்மானத்தை மாற்றலாமே என்று கேட்டபோது மட்டும் எல்லாருக்கும் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் மாலை அவர் பால்கனியில் நின்று பார்த்தார். ஊஞ்சல் பக்கம் பிள்ளைகள் கூட்டம் அலைமோதியது. ஊஞ்சலுக்கு வரிசை, வரிசைக்குள் சண்டை. எந்தப் பிள்ளையாவது சறுக்குமரப் பக்கம் இரண்டடி வைத்தால் உடனே எங்கிருந்தோ ஓர் அம்மாவின் குரல் அதட்டியது. கயிறு இல்லாமலே கயிறு கட்டியாகிவிட்டது. மகளிடம் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தார். மண்ணைத் தோண்டவில்லைதான், ஆனாலும் ஒரு பிள்ளைகூட அங்கே போகவில்லை, எல்லாருக்கும் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். எண்ணை அழுத்தும்போது சறுக்குமரத்தின் உச்சியில் ஒரு குழந்தை தெரிந்தது.

வாலு வயசுதான் இருக்கும். கையை விரித்துக்கொண்டு சறுக்கி வந்து மண்ணில் பொத்தென்று விழுந்தாள். உடனே எழுந்து மறுபடியும் ஏற ஓடினாள். அந்தச் சுவரை ஒட்டித் தண்ணீர் மோட்டார் அறை இருக்கிறது. அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது. வாட்ச்மேன் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. அவர் வாசலில் வந்து குசுகுசுவென்று கேட்கவும் இல்லை. கேட்காதவருக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்வெட்டி இரவல் வாங்கிய சராசரியாருக்கும் தோன்றவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினார். போய்ச் சேரும்போது இரைத்தது.

"பாப்பா, இறங்கு! இங்க விளையாடாதே!"

சத்தம் கேட்டு வாட்ச்மேன் மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள். பயந்துபோயிருந்தாள்.

"ஏதாவது உடைச்சிட்டாளாங்கய்யா? பெரிய பிள்ளைங்க இருந்தா ஏற விட மாட்டாங்க. இன்னிக்குத்தான் யாருமே இல்லன்னு ஆசையா ஏறிட்டா."

"உடைக்கலம்மா. இந்த மண்ணு விஷம். ஈயம் கலந்திருக்கு. பிள்ளை கையில படக் கூடாது, வாயில படக் கூடாது. என் பேத்திக்கு இதனாலதான் உடம்பு சரியில்லாமப் போச்சு."

அவள் மண்ணைப் பார்த்தாள். சறுக்குமரத்தைப் பார்த்தாள். பிறகு தன் அறையின் வாசலைப் பார்த்தாள். அந்தச் சாம்பல் மண் சறுக்குமரத்தடியிலிருந்து நேராக அவள் வாசல்படி வரைக்கும் போயிருந்தது. வாசலில் அடுப்பு இருந்தது. கொடியில் துணி காய்ந்தது. ஒரு குழந்தைத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"எவ்வளவு தூரம் வரைக்கும்யா விஷம்?"

"அந்தச் சுவர் வரைக்கும்."

"எங்க ரூமே அந்தச் சுவர்தானேய்யா."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. யார் இதை நல்ல மண் என்று சொன்னது, எத்தனை நாளாகத் தெரியும், எங்களிடம் ஏன் சொல்லவில்லை, எதுவும் கேட்கவில்லை. மகளைத் தூக்கி, உள்ளங்கைகளைப் பிரித்துப் பார்த்து, நகக்கண்ணில் இருந்த அழுக்கைத் தன் ஈர விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. பிறகு நிமிர்ந்து, அவர் இன்னும் அந்த மண்ணிலேயே வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தாள்.

"நீங்க ஏன்யா அதுலயே நிக்கிறீங்க? இப்படி சிமெண்ட் பக்கமா வந்து நில்லுங்க. உங்களுக்கு ஆகாது."